வேலி தாண்டும் குதிரைகளை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் விளையாட்டுப் பக்கத்தில் உலகப் புகழ் பெற்ற பந்தயக் குதிரைகள் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். செக்ரட்டேரியட் இருந்தது, ஃபிராங்கல் இருந்தது, வேறு சிலவும் இருந்தன. எல்லாமே நல்ல குதிரைகள்தான், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அத்தனையும் சமதரையில் ஓடுகிற குதிரைகள். வேலி தாண்டி ஓடுகிற ஒரு குதிரையின் பெயர்கூட இல்லை. ஆர்க்கிள் இல்லை, ரெட் ரம் இல்லை, டெசர்ட் ஓர்கிட் இல்லை. அதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை, அதுதான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். முழுவதையும் போட இடமில்லை என்றால் ஆர்க்கிள் பற்றிய பகுதியையாவது வெட்டாமல் போடுங்கள்.

இது என் தனிப்பட்ட ஆசை மட்டும் இல்லை. சுமார் இருபது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தின் ரேசிங் போஸ்ட், குதிரைப் பந்தயத்துக்கென்றே நாள்தோறும் வருகிற பத்திரிகை அது, உங்களுக்கு மிகவும் பிடித்த குதிரை எது என்று தன் வாசகர்களிடம் வாக்குக் கேட்டது. முதலிடம் ஆர்க்கிளுக்கு, இரண்டாவது டெசர்ட் ஓர்கிட், மூன்றாவது ரெட் ரம். மூன்றும் வேலி தாண்டும் குதிரைகள். சமதரையின் பெரிய பந்தயமான டெர்பியை வென்றவை, பெரும் விலைக்குப் போனவை எல்லாம் அவற்றுக்குப் பின்னால்தான். வாழ்நாள் முழுக்கப் பந்தயம் பார்த்த சனம் போட்ட வாக்கு இது. ஃபிராங்கல் அப்போது பிறந்திருக்கவில்லை என்பது உண்மை, இன்று கேட்டால் வரிசை கொஞ்சம் மாறலாம், ஆனாலும் ஆர்க்கிளை அந்த இடத்திலிருந்து இறக்குவார்கள் என்று நான் நம்பவில்லை.

ஏன் இப்படி? சமதரைக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்கும், மூன்று வயதில் டெர்பி, நான்கு வயதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடும். நன்றாக ஓடிய ஆண் குதிரைக்கு மைதானத்தைவிட இனப்பெருக்கப் பண்ணையில்தான் காசு அதிகம். ஃபிராங்கல் 14 தரம் ஓடி 14 தரமும் வென்றது, 2012இல் நான்கு வயதிலேயே ஓய்வுக்குப் போய்விட்டது. செக்ரட்டேரியட் ஓடியது இரண்டே இரண்டு பருவம். சனம் பழகுவதற்குள் குதிரை போய்விடும். வேலி தாண்டுகிற குதிரைகளோ பெரும்பாலும் நலமடித்தவை. பண்ணைக்கு அனுப்பிச் சம்பாதிக்க வழியில்லை. எட்டு, ஒன்பது வயதில்தான் அவற்றுக்கு முழுப் பலமும் வரும், பன்னிரண்டு வயதிலும் ஓடும். ஒவ்வொரு குளிர்காலமும் அதே குதிரை திரும்பி வரும். போன வருடம் விழுந்ததே, இந்த வருடம் என்ன செய்யும், கால் சுகமாகிவிட்டதா, வயது போய்விட்டதா என்று வருடக்கணக்காக ஒரு குதிரையின் பின்னால் மனம் போகும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மாட்டுவண்டிச் சவாரி பார்க்கிறவர்கள் ஒரு மாட்டைச் சொல்லி, அது எந்த ஊர்ச் சவாரியில் என்ன செய்தது என்று பல வருடம் கழித்தும் கதைப்பார்களே, அந்த ஒட்டுதல்தான் இது.

இனி ஆர்க்கிள். 1957இல் அயர்லாந்தில் பிறந்த குதிரை. சொந்தக்காரி வெஸ்ட்மின்ஸ்டர் சீமாட்டி ஆன், பயிற்சியாளர் டொம் டிரீப்பர், ஜொக்கி, அதாவது மேலே ஏறி ஓட்டுகிறவர், பட் டாஃப். வேலி தாண்டும் குதிரைகளுக்கு ஆகப் பெரிய பந்தயம் செல்டன்ஹாம் கோல்ட் கப். அதை 1964, 1965, 1966 என்று தொடர்ந்து மூன்று வருடம் வென்றது. முதல் தரம் எதிரே நின்றது இங்கிலாந்தின் மில் ஹவுஸ். முந்திய வருடத்துச் சம்பியன், பெரிய உடம்பு, முந்திய நவம்பரில் நியூபரியில் ஆர்க்கிளைத் தோற்கடித்தும் இருந்தது. அதை வெல்ல எந்தக் குதிரை இருக்கிறது என்று இங்கிலாந்துக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்க்கிள் ஐந்து குதிரை நீளத்தில் வென்றது. அடுத்த வருடம் அதே மில் ஹவுஸை இருபது நீளத்தில். மூன்றாவது வருடம் முப்பது நீளம். அந்த மூன்றாவது ஓட்டத்தைப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் பாருங்கள். பார்வையாளர் கூடத்துக்கு முன்னால் உள்ள வேலியில் குதிரை கவனம் பிசகி, குதிக்க வேண்டிய நேரத்தில் குதிக்காமல் நெஞ்சால் வேலியை இடிக்கிறது. வேறு எந்தக் குதிரையும் அதோடு தலைகுப்புற விழுந்திருக்கும். ஆர்க்கிள் விழவில்லை, தலையைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் நடவாத மாதிரி ஓடுகிறது, டாஃபும் மேலே அசையாமல் இருக்கிறார். நான் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன், அந்த இடத்தில் இப்போதும் நெஞ்சு திக்கென்கிறது.

ஆனால் ஆர்க்கிளின் பெருமை கோல்ட் கப்பில் மட்டும் இல்லை, சுமையில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல பந்தயங்களில் நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை என்று வைப்பார்கள், எல்லாக் குதிரைக்கும் வெல்ல ஒரு வாய்ப்பு இருக்கட்டும் என்று. ஜொக்கியின் எடை போதாவிட்டால் சேணத்துக்குக் கீழே போடுகிற துணியின் பைகளில் ஈயத் தகடு செருகுவார்கள். ஆர்க்கிளுக்கு 79 கிலோ வரை ஏற்றினார்கள். அதையும் சுமந்துகொண்டு 1964இலும் 1965இலும் நியூபரியில் ஹென்னஸி கோப்பையை வென்றது. 1966இல் அதே பந்தயத்தில் ஸ்டால்பிரிட்ஜ் கொலனிஸ்ட் என்ற குதிரையிடம் அரை நீளத்தில் தோற்றது. அந்தக் குதிரை சுமந்தது ஆர்க்கிளைவிட 16 கிலோ குறைவு. பதினாறு கிலோ வித்தியாசத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடி, இருபதுக்கு மேற்பட்ட வேலி தாண்டி, அரை நீளத்தில் தோற்பது தோல்வியா? என் கணக்கில் அதன் ஆகப் பெரிய ஓட்டங்களில் அதுவும் ஒன்று. அயர்லாந்தில் வேறு வழியில்லாமல் விதியையே மாற்றினார்கள், ஆர்க்கிள் ஓடினால் ஒரு எடைப் பட்டியல், ஓடாவிட்டால் இன்னொரு பட்டியல். ஒரு குதிரைக்காக ஒரு நாடு பந்தய விதியை மாற்றியதென்றால் அது உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூடப் பெறாதா? குதிரைகளுக்குத் தரப் புள்ளி போடுகிற டைம்ஃபோர்ம் நிறுவனம் அதற்குக் கொடுத்த 212 புள்ளியை எந்த வேலி தாண்டும் குதிரையும் இன்றுவரை எட்டவில்லை.

1966 டிசம்பர் 27, கெம்ப்டன் பார்க், கிங் ஜோர்ஜ் பந்தயம். நடுவில் ஒரு வேலியில் காலை அடித்துக்கொண்டது. குளம்புக்குள் எலும்பு வெடித்துவிட்டது. அதோடேயே மிச்ச வேலி எல்லாவற்றையும் தாண்டி ஓடி முடித்தது, டோர்மண்ட் என்ற குதிரையிடம் ஒரே ஒரு நீளத்தில் இரண்டாவது. பிறகு அது ஓடவே இல்லை. கால் கட்டுப்போட்டு லாயத்தில் நின்றபோது கடிதங்களும் வாழ்த்து அட்டைகளும் குவிந்தன. விலாசம் என்று 'ஆர்க்கிள், அயர்லாந்து' அவ்வளவுதான், தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். 35 ஓட்டம், 27 வெற்றி. 30 வேலி தாண்ட வேண்டிய கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் அது ஓடவில்லை, சீமாட்டி ஓட விடவில்லை, அதில் குதிரைகள் விழுந்து சாகிற ஆபத்து உண்டு. அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். 1970இல் ஆர்க்கிள் இறந்தது, அதன் எலும்புக்கூட்டை இன்றும் கில்டேரில் உள்ள அயர்லாந்துத் தேசியக் குதிரைப் பண்ணையில் பார்க்கலாம்.

இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னவர் என் பெரியப்பா. ஆங்கிலேயர் இருந்த காலத்தில் இங்கே கடற்படைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், அவர்களிடமிருந்து இந்தப் பைத்தியம் அவருக்குத் தொற்றியது, அவரிடமிருந்து எனக்கு. 1957இல் அவர்கள் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் அவர் விடவில்லை, சிற்றலை வானொலியில் பி.பி.சி. பிடித்து முடிவு கேட்பார். ஒரு சதம் பந்தயம் கட்டியதில்லை. இப்போது நான் யூடியூபில் பார்ப்பதையெல்லாம் அவர் காதால் கேட்டே கண்ணால் கண்டதைப் போலச் சொல்லுவார்.

சரி, 1973க்கு வருகிறேன். உங்கள் கட்டுரையில் அந்த வருடம் செக்ரட்டேரியட் 31 நீளத்தில் அமெரிக்காவின் பெல்மண்ட் பந்தயத்தை வென்றதை அழகாக எழுதியிருந்தார்கள். அதே வருடம், அதற்கு இரண்டு மாதம் முந்தி, லிவர்பூலுக்குப் பக்கத்தில் ஏன்ட்ரியில் நடந்த கிராண்ட் நேஷனலை அந்தக் கட்டுரையாளர் பார்த்திருந்தால் எதை முதலில் எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், 30 வேலி. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிறிஸ்ப் என்ற பெரிய கருங்குதிரை 76 கிலோ சுமந்துகொண்டு முன்னால் போய்விட்டது. சும்மா முன்னால் இல்லை, மற்றக் குதிரைகள் எங்கே என்று தேட வேண்டும். ஒவ்வொரு வேலியையும் விளையாட்டாகத் தாண்டுகிறது. பின்னால் ஒரே ஒரு குதிரை துரத்துகிறது, ரெட் ரம், அது சுமந்தது கிறிஸ்ப்பைவிடப் பத்து கிலோவுக்கு மேல் குறைவு. கடைசி வேலி தாண்டும்போதும் கிறிஸ்ப் பதினைந்து நீளம் முன்னால். அதற்குப் பிறகு வேலி இல்லாத 450 மீட்டர் ஓட்டம் இருக்கிறது, உலகத்திலேயே கொடுமையான 450 மீட்டர் அதுதான். கிறிஸ்ப்பின் கால் திடீரென்று ஈயமாகிறது. ஜொக்கி ரிச்சர்ட் பிட்மன் வலக்கையில் சவுக்கை எடுத்து ஓர் அடி அடிக்கிறார், வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் குதிரை இடப்பக்கம் சாய்கிறது. அந்த ஓர் அடிதான் பந்தயத்தைத் தோற்கடித்தது என்று பிட்மன் தானே பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். கடைசி எட்டில் ரெட் ரம் முக்கால் நீளத்தில் தாண்டிவிட்டது. நேரம் 9 நிமிடம் 1.9 விநாடி, பழைய சாதனையைவிடச் சுமார் 18 விநாடி குறைவு. கிறிஸ்ப்பும் அந்தப் பழைய சாதனையை உடைத்துத்தான் தோற்றது! தோற்ற குதிரையை ஐம்பது வருடத்துக்குப் பிறகும் சனம் பெயர் சொல்லி அழுகிற ஒரு விளையாட்டு வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

ரெட் ரம்மைச் சிலர் அந்த நாளுக்காக இன்னமும் மன்னிக்கவில்லை. அது நியாயம் இல்லை. 1974இல் இந்தத் தரம் அதுவே ஆகக்கூடிய எடையைச் சுமந்து மீண்டும் வென்றது, 1975இலும் 1976இலும் இரண்டாவதாக வந்தது, 1977இல் பன்னிரண்டு வயதில் 25 நீளத்தில் மூன்றாவது தரம் வென்றது. கிராண்ட் நேஷனலை மூன்று தரம் வென்ற வேறு குதிரை இல்லை. கரையோரத்துச் சனத்துக்கு இதில் பிடிக்கப்போகிற இடம் ஒன்று உண்டு. ரெட் ரம்முக்குக் குளம்பெலும்பில் நோய், சாதாரணமாக அத்தோடு ஓட்டம் முடிந்துவிடும். பயிற்சியாளர் ஜிஞ்சர் மெக்கெயின் சவுத்போர்ட் என்ற கடலோர ஊரில் கார் விற்கிறவர், கடைக்குப் பின்னால் லாயம், புல்வெளி கிடையாது, கடற்கரை மணலில்தான் ஓட்டம். குதிரை வாங்கிய புதிதில் நொண்டுவதைப் பார்த்துக் கடலுக்குள் இறக்கியிருக்கிறார், குளிர்ந்த உப்புத் தண்ணீரில் நின்றும் நடந்தும் வெளியே வந்தபோது நொண்டல் இல்லை. பிறகு தினமும் அதே வைத்தியம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் முழங்கால் தண்ணீரில் நடந்து பழகிய நமக்கு அந்த ஈரமணல் காலுக்கு என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995இல் முப்பது வயதில் இறந்தபோது ஏன்ட்ரியில் வெற்றிக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

டெசர்ட் ஓர்கிட் சாம்பல் வெள்ளை, தூரத்திலேயே தெரியும், சின்னப் பிள்ளைகளுக்கும் பிடித்தது அதனால்தான் என்பார்கள். நிறம் மட்டும் காரணம் இல்லை. 1983இல் கெம்ப்டனில் முதல் ஓட்டத்திலேயே பலமாக விழுந்து எழும்பவே நேரமெடுத்தது, இதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். அதே கெம்ப்டனில் பிறகு கிங் ஜோர்ஜ் பந்தயத்தை நான்கு தரம் வென்றது. அதற்கு வலப்பக்கம் வளைகிற மைதானம்தான் பிடிக்கும். செல்டன்ஹாம் இடப்பக்கம் வளைவது, பிடிக்காத இடம். 1989 மார்ச்சில் கோல்ட் கப் நாளில் மழை, பனி, மைதானம் சேறு, பந்தயம் நடக்குமா என்றே தெரியவில்லை. அதுவும் அந்தக் குதிரைக்குப் பிடிக்காத தரை. கடைசி மேட்டில் யாஹூ என்ற சேற்றுக்குப் பழகிய குதிரை முன்னால். டெசர்ட் ஓர்கிட் களைத்துப்போய், சேறு அப்பி, வெள்ளை நிறமே தெரியாமல், மேட்டில் ஒவ்வொரு அடியாக அதைப் பிடித்துக் கடந்துபோகிறது. ஒன்றரை நீளம். பிடித்த தரையில் வெல்வது வேறு, பிடிக்காத எல்லாவற்றிலும் வெல்வது வேறு.

மற்றவற்றை நான் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஆனால் விட மனமில்லை. கோல்டன் மில்லர் 1932 முதல் 1936 வரை ஐந்து கோல்ட் கப், 1934இல் அதே வருடம் கிராண்ட் நேஷனலும். இரண்டையும் ஒரே வருடம் வென்ற குதிரை அது ஒன்றுதான். டோன் ரன் என்ற பெண் குதிரை, சிறிய தடைகளைத் தாண்டுகிற சம்பியன் ஹர்டில் பந்தயம், கோல்ட் கப் இரண்டையும் வென்றது. கௌட்டோ ஸ்டார் கோல்ட் கப்பை 2007இல் வென்று, 2008இல் பக்கத்து லாயத்து டென்மனிடம் பறிகொடுத்து, 2009இல் திரும்ப வாங்கியது, அப்படி இழந்ததை மீட்ட முதல் குதிரை. டைகர் ரோல் 2018, 2019 இரண்டு வருடமும் நேஷனல், சின்ன உடம்பு, பார்த்தால் நம்ப மாட்டீர்கள். இன்னொன்று, இந்த விளையாட்டில் பெண்களுக்குத் தனிப் போட்டி என்று ஒதுக்கி வைப்பதில்லை, ஆண்களோடு ஒரே வேலியைத்தான் தாண்டுகிறார்கள். 2021இல் ரேச்சல் பிளாக்மோர் மினெல்லா டைம்ஸ் மேல் ஏறி நேஷனல் வென்ற முதல் பெண் ஆனார், அடுத்த வருடம் கோல்ட் கப்பும். நம் பிள்ளைகள் வாசிக்க வேண்டிய செய்தி இது.

இதில் ஒரு கனமான பக்கம் இருக்கிறது, அதை மறைத்து எழுதச் சொல்ல மாட்டேன். குதிரைகள் சாகின்றன. டோன் ரன் கோல்ட் கப் வென்ற அதே 1986இல் பாரிஸில் ஓதெய் மைதானத்தில் விழுந்து செத்தது. மூன்று கோல்ட் கப் வென்ற பெஸ்ட் மேட் 2005இல் எக்ஸிட்டரில் ஓட்டத்திலேயே சரிந்து போனது. இதைப் பார்த்து இந்த விளையாட்டே வேண்டாம் என்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கேட்கிற கேள்வி சரியான கேள்வி. அவர்கள் சத்தம் போட்டதால்தான் நேஷனல் வேலிகளுக்குள் இருந்த கட்டைச் சட்டத்தை எடுத்துவிட்டு 2013இல் வளைந்துகொடுக்கிற சட்டம் போட்டார்கள், 2024 முதல் ஓடுகிற குதிரைகளை 40இலிருந்து 34 ஆகக் குறைத்தார்கள். இன்னமும் குறைக்க வேண்டும் என்பது என் எண்ணம். குதிரையை விரும்புகிறவர்களே இதை முதலில் கேட்க வேண்டும்.

நம் ஊரில் ரேஸ் என்றாலே சனத்துக்கு ஞாபகம் வருவது புக்கி கடைதான். இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைக்கு இங்கே காசு கட்டி, சம்பளத்தையும் மனைவியின் நகையையும் தொலைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதனால் குதிரைப் பந்தயம் பற்றி எழுதவே பத்திரிகைகள் தயங்குவதும் புரிகிறது. ஆனால் ஒன்று கவனித்தீர்களா, அந்தக் கடைகளில் நிற்கிறவர்களில் பலருக்குக் குதிரையின் வயது தெரியாது, நிறம் தெரியாது, போன மாதம் விழுந்ததா எழும்பியதா என்று தெரியாது, சீட்டில் உள்ள எண்தான் தெரியும். ஆர்க்கிளைத் தெரிந்தவன் கட்டுவதற்காகப் பார்க்க மாட்டான் என்று சொல்ல வரவில்லை. பார்ப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது என்று ஒருவராவது தமிழில் எழுத வேண்டும் என்றுதான் சொல்கிறேன். குதிரை நமக்கு அந்நியமும் இல்லை. நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் நிற்கின்றன, வறட்சியில் அவை தண்ணீரில்லாமல் செத்தால் நீங்களே செய்தி போடுகிறீர்கள், ஏப்ரலில் நுவரெலியா மைதானத்துக்கு இங்கிருந்தும் வான் பிடித்துப் போகிறார்கள்.

ஆகவே கேட்பது இதுதான். செல்டன்ஹாம் மார்ச்சில், கிராண்ட் நேஷனல் ஏப்ரலில், நுவரெலியா ரேசும் அந்த நேரம்தான். அதற்கு முன்னால் நான்கு வாரம், வாரம் ஒரு குதிரையாக, அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வெற்றிப் பட்டியலாக வேண்டாம், ஒரு குதிரைக்கு ஒரு ஓட்டத்தை எடுத்து முழுமையாக எழுதச் சொல்லுங்கள். எந்தக் குதிரைக்குக் காசு கட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்ற விபரம் ஒரு வரியும் போடாதீர்கள். என் வரிசை ஆர்க்கிள், டெசர்ட் ஓர்கிட், ரெட் ரம், பிறகு கிறிஸ்ப். கோல்டன் மில்லர்தான் முதலிடம் என்று சொல்லுகிற வயதான வாசகர்கள் மட்டக்களப்பிலோ கொழும்பிலோ இன்னும் இருப்பார்கள், அவர்களும் எழுதட்டும், நான் பதில் எழுதக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர்,
திருகோணமலை